துச்சாதனன் கேட்கும் மன்னிப்பு

மேடையில் நடித்த பாவம் பாவமாகுமா? செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில், திரௌபதி அம்மன் திருவிழாவில் ‘துகில்’ கூத்து பார்த்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் தத்துவத்தில் முதுகலை படிக்கும் மாணவன்.

வடதமிழ்நாட்டில் கோடையில் நடக்கும் இந்த விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கதை நாளுக்கு நாள் வளர்ந்து பதினெட்டாம் போர், படுகளம், தீமிதி என்று முடியும். துகிலுரியும் இரவுக்கு ஊரே வந்து உட்காரும்.

அன்று துச்சாதனன் கட்டை வேஷம். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம், முகம் நிறையச் சிவப்பு. திரௌபதி வேஷமும் ஆண்தான். அவளைக் கூந்தலைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வரும்வரை கூட்டத்தில் பேச்சும் சிரிப்பும் இருந்தன. முந்தானையில் கை வைக்க வேண்டிய இடத்தில் ஆட்டம் நின்றது. மிருதங்கமும் முகவீணையும் அடங்கின. தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதியை வலம் வந்து, கிரீடத்தோடு காலில் விழுந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெண்கள் எழுந்து கும்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் முந்தானையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் அவரை இரண்டு பேர் இடுப்பில் கை கோத்து நிறுத்த வேண்டியிருந்தது.

விடிந்ததும், அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தவரிடம் போய் ஏன் விழுந்து கும்பிட்டீர்கள் என்று கேட்டேன். “அம்மா மேல கை வைக்கிறேன் இல்ல தம்பி, கேட்டுட்டுத்தான் வைக்கணும்” என்றார்.

வகுப்பில் இதைப் பற்றிப் பேசினோம். பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் மூன்றாம் பகுதியில் நடிப்பைக் கண்டு அஞ்சுகிறார். இளமையிலிருந்து தீயவரைப் போல நடித்துப் பழகினால், உடலிலும் குரலிலும் எண்ணத்திலும் அந்தத் தீமை ஊறிவிடும். அதனால் நகரைக் காப்பவர்கள் அத்தகைய வேஷம் போடக் கூடாது என்பது அவர் முடிவு. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ நேர் எதிர்: நல்ல நடிகன் எதையும் உணராமல், தெளிந்த தலையோடு நடிப்பவன், அவனிடம் எதுவும் ஒட்டாது. நண்பர் ஒருவர் திதரோ பக்கம் நின்றார். “நம்பியார் காலமெல்லாம் வில்லனாக நடித்தார், வாழ்க்கையில் ஐயப்ப பக்தர், குருசாமி. வேஷம் அவரை என்ன செய்தது?” என்றார்.

நியாயமான வாதம்தான். நம்பியாரின் மனம் கெடவில்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பிளேட்டோ, திதரோ இருவருமே நடிகனின் உள்ளத்தை மட்டும் பார்க்கிறார்கள். எதிரில் நிற்பவரைப் பற்றி இருவருக்கும் கேள்வியே இல்லை. கூத்து அவரைத்தான் முதலில் பார்க்கிறது.

பாரதச் சபையில் நடந்த அநியாயம் எது? தருமன் தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்க அவனுக்கு ஏது உரிமை என்று திரௌபதி கேட்கிறாள். பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று சொல்லி நழுவுகிறார். கௌரவர்களில் விகர்ணன் ஒருவன்தான் அவளுக்காகப் பேசுகிறான். பணயம் வைத்தவன், வென்றவன், இழுத்தவன், யாருமே அவளுடைய சம்மதத்தைக் கேட்கவில்லை. துகிலை உரிவதற்கு முன்பே அந்தக் குற்றம் நடந்துவிட்டது.

கதையில் யாரும் கேட்காததைக் கூத்தில் துச்சாதனனே கேட்கிறான். வேஷக்காரர் திரௌபதியின் காலில் விழுவதை வெறும் பயபக்தி என்று ஒதுக்க முடியவில்லை. கதைக்குள் இருக்கும் அநியாயம் நடிப்பவர்களுக்கு இடையிலும் நடந்துவிடாமல் அந்த வணக்கம் தடுக்கிறது. வேஷம் துச்சாதனனுடையதாக இருந்தாலும் முந்தானையைப் பிடிக்கும் கை நடிகருடையது. அந்தக் கைக்கு அவர் பொறுப்பேற்கிறார். அதனால் நடிப்பின் உக்கிரம் துளியும் குறையவில்லை என்பதற்கு, அவரைப் பிடித்து நிறுத்திய இரண்டு பேரே சாட்சி.

ஆகவே என் பதில் இது: மேடையில் பாவத்தைக் காட்டுவது பாவமல்ல, எதிரில் நிற்பவரைக் கேட்காமல் காட்டுவது பாவம். கல்லூரி நாடகம் போடும் நண்பர்களுக்கும், படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும் சொல்கிறேன். பெண் மீது வன்முறை நிகழும் காட்சி என்றால், கூட நடிப்பவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சரி என்ற பிறகு தொடுங்கள்.