மாலையா, ரசீதா?

நொய்யல் ஆற்றைச் சீரமைக்க நிதி திரட்டும் கூட்டம் ஒன்றுக்காக, திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். திட்டமெல்லாம் கச்சிதம். பொக்லைன் எத்தனை மணி நேரம், மண் எத்தனை லோடு, எந்த மதகுக்குப் புதுக் கதவு, சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க என்ன செலவு... பக்கம் பக்கமாக அச்சடித்துக் கொடுத்தார்கள். அப்புறம் மைக்கில் பெயர்களை வாசித்தார்கள். சாயப்பட்டறை முதலாளி ஒருவர் பெரிய தொகை அறிவித்தார். கைதட்டல், சால்வை, மாலை, போட்டோ.

கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்தார். ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயி.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. வாங்குன கடனைத் திருப்பிக் குடுக்கறவங்களுக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா?"

மண்டபம் கப்சிப்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு இது. பாசனத்துக்காக 1992ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். மேலே பனியன் தொழில் வளர வளர, அணைக்குள் தேங்கியது சாயத்தண்ணீர். தண்ணீர் கொடுங்கள் என்று போராடும் விவசாயிகளைத்தான் நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். 'இந்த அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள்' என்று மன்றாடியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்!

பலர் நினைப்பதுபோல் பிரச்னை நிறம் அல்ல. அதைப் போக்கிவிடலாம். பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அந்த உப்பு மக்காது, சிதையாது. ஆற்றில் விட்டால் நேரே கிணற்றுக்குள் இறங்கிவிடும். 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்றது. 2009ல் உச்ச நீதிமன்றமும், கெடுத்தவர்தான் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்றது. அப்படியும் நிற்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை இழுத்து மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். ஊரே ஸ்தம்பித்தது. ஆர்.ஓ., ஆவியாக்கும் இயந்திரம் என்று கழிவைச் சுத்திகரித்து, அதே தண்ணீரில் மறுபடி சாயம் போடும் ஏற்பாட்டோடுதான் பிறகு படிப்படியாகத் திறந்தார்கள். அதற்கு அரசு வட்டியில்லாமல் 200 கோடி கடன் தந்தது. அதாவது, உங்கள் பணமும் என் பணமும்.

முதலாளி கோபப்படவில்லை. நல்ல மனிதர்தான்.

"கடன்னே வச்சுக்குங்க. நான் ஒருத்தனா வாங்குனனுங்க? பீஸுக்கு ரெண்டு ரூபா சேத்திக் கேட்டா, பையர் அடுத்த நாட்டுக்குப் போயிடறான். இன்னிக்கு ஆத்துல ஊர்ச் சாக்கடையும்தான் ஓடுது. அது யார் வீட்டுதுங்க?"

இருவர் சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டு சாப்பிடப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. 'எல்லோரும்தான் காரணம்' என்பதில் உண்மை இருக்கிறது. கொஞ்சம் தந்திரமும் இருக்கிறது. லாபம் எடுத்தவர், மலிவு என்று மூன்று பனியன் வாங்கியவர் (கையைத் தூக்கிவிடுகிறேன், நானும்தான்), பார்த்தும் பாராமல் இருந்த அதிகாரி... எல்லோருக்கும் ஒரே பங்கா? ஒடிசாவிலிருந்து வந்து தையல் மெஷினில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணிடம் உண்டியலை நீட்டுவது எந்த ஊர் நியாயம்?

'அந்தக் காலத்தில் குடிமராமத்து இல்லையா?' என்பார்கள். இருந்தது. 2017ல் அரசு அதை மீண்டும் கொண்டுவந்தபோதும் ஆயக்கட்டுக்காரர்கள் பத்து சதவிகிதம் போடவேண்டும் என்றார்கள். ஆனால், அதில் மண் வெட்டுபவரும் தண்ணீர் பெறுபவரும் ஒரே ஆள். இங்கே கெடுத்தவர் மேலே, நொடித்தவர் கீழே.

சரி, பணம் வந்தால் போதாதா, தானமென்றால் என்ன, கடனென்றால் என்ன? அங்கேதான் விஷயம் இருக்கிறது. தானம் தந்தவரிடம் போய், 'போன வருஷம் தந்தீர்களே, இந்த வருஷம் எங்கே?' என்று சட்டையைப் பிடிக்க முடியாது. கடன்காரரிடம் முடியும். முதல் வருஷம் தூர் வார எல்லோரும் கொடுப்பார்கள், கல்வெட்டு உண்டு. மூன்றாம் வருஷம் மண்டிக்கிடக்கும் ஆகாயத்தாமரையை அள்ள, சுத்திகரிப்பு மோட்டாரின் கரண்ட் பில் கட்ட, கல்வெட்டா வைக்க முடியும்?

இதே திருப்பூரில் நஞ்சராயன் குளம் 2022ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஒருநாள் விழாவில் நடந்த காரியம் இல்லை அது. விடியற்காலையில் பைனாகுலரோடு போய் வருஷக்கணக்கில் பறவைகளை எண்ணியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு மாலை விழுந்திருக்கும்?

வசூல் நோட்டு கைமாறி என்னிடம் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'நன்கொடை'. அதை அடிக்கத் தைரியம் வரவில்லை. கீழே என் பெயரையும் ஆயிரம் ரூபாயையும் எழுதினேன்.

பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"அடுத்த வருசமும் வருவீங்கள்ல?"