கடனை அடைப்போம், கதவையும் அடைப்போம்

 

  

இன்று நம் இல்லங்கள் பலவற்றில் இஷாத் தொழுகைக்குப் பின் எழுகின்ற ஒரு வழக்கை முதலில் சொல்கிறோம். குடும்பத் தலைவரிடம் மூன்று கிரெடிட் கார்டுகள் இருக்கின்றன. வியாபாரம் மந்தமான காலத்தில் கடைச் சரக்குக்கும், மகளின் கலியாணத்துக்கும், வைத்தியத்துக்கும் அவற்றைத் தேய்த்தார். தவணை தவறியது, வட்டி ஏறியது, வசூல்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். இப்போது அல்லாஹ்வின் கிருபையால் சற்று நிமிர்ந்திருக்கிறார். இரண்டு கார்டுகளின் பாக்கி தீர்ந்துவிட்டது. மூன்றாவதில் மட்டும் 60,000 ரூபாய் மிச்சம். "இந்த முஸீபத்து இனி நம் வீட்டில் இருக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் மூடிவிடுங்கள்" என்கிறார் மனைவி. "பழைய கார்டை மூடினால் சிபில் மதிப்பெண் விழுந்துவிடும் வாப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்கிறான் படித்த மகன். இருவருக்கும் நடுவில் நிற்பவர் நம்மிடம் கேட்கிறார்: மூடுவதா, வைத்திருப்பதா?

இது வங்கிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, மார்க்கப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று சிலர் எண்ணலாம். கடனைப் பற்றித் திருமறையின் மிக நீளமான வசனமே இறங்கியிருக்கும்போது, நம் சட்டைப்பையில் இருக்கும் கடன் அட்டை மட்டும் மார்க்கத்துக்கு வெளியே எப்படிப் போகும்?

கார்டுக்குள் இருக்கும் வட்டி

குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டினால் வட்டி இல்லை என்பது உண்மையே. ஒரு பகுதியை நிறுத்தி வைத்தாலோ, நிலைமை தலைகீழாகிறது. மாதம் 3.5 சதவிகிதம் என்று வைத்துக் கொள்வோம். 50,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாத வட்டி 1,750 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 315 ரூபாய். ஆக 2,065 ரூபாய். அந்த மாதம் நம் சகோதரர் 2,500 ரூபாய் கட்டினால், அசலில் கழிவது 435 ரூபாய் மட்டுமே! கார்டைக் கொண்டு ரொக்கம் எடுத்தாலோ, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008-ஆம் ஆண்டில் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்துவிட்டது. சட்டத்தின் வேலி அந்த அளவில் நின்றுவிட்டது. நமக்கு அல்லாஹ் போட்ட வேலியோ அப்படியே இருக்கிறது. வட்டி உண்பவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும், எழுதுபவரையும், சாட்சி நிற்பவரையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வட்டி நிபந்தனையுள்ள கடன் அட்டையை, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணத்துடன்கூடப் பயன்படுத்தலாகாது என்று முடிவு செய்தது. வட்டி ஒருபோதும் விழாது என்ற உறுதியுடன், தேவையை முன்னிட்டு வைத்துக் கொள்ளலாம் என்று அனுமதித்த உலமாப் பெருமக்களும் உண்டு. இந்த இரண்டாவது கருத்தைப் பிடித்துக் கொள்வோர், அதில் உள்ள நிபந்தனையையும் சேர்த்துப் பிடித்துக் கொள்ள வேண்டும்.

சிபில் என்பது என்ன?

கடன் வாங்கியவர் எப்படித் திருப்பிக் கட்டினார் என்ற வரலாற்றைத் தொகுத்து வைப்பதற்காக 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. 2005-ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இன்று அதுபோன்ற நான்கு நிறுவனங்கள் நம் நாட்டில் இயங்குகின்றன. அவர்கள் தரும் மதிப்பெண் 300-இலிருந்து 900 வரை. தவணையைத் தவறாமல் கட்டினாரா, அனுமதிக்கப்பட்ட தொகையில் எவ்வளவு பங்கைக் கடனாக வைத்திருக்கிறார், எத்தனை ஆண்டு வரலாறு உள்ளது, புதுக் கடனுக்கு எத்தனை முறை அலைந்தார் என்பவையெல்லாம் அதில் கணக்காகின்றன.

மகன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. நம் சகோதரரின் மூன்று கார்டுகளின் வரம்பு 50,000, 50,000, 1,00,000 என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 2,00,000. பாக்கி 60,000. அதாவது 30 சதவிகிதம். பாக்கியில்லாத இரண்டு கார்டுகளையும் இன்றே மூடினால், மிஞ்சும் வரம்பு 1,00,000. பாக்கி அதே 60,000. ஒரே நாளில் அது 60 சதவிகிதமாகத் தெரியும், மதிப்பெண் இறங்கும். ஆனால் அந்த 60,000-ஐயும் முதலில் தீர்த்துவிட்டால்? பாக்கியே இல்லாதவருக்குச் சதவிகிதம் ஏது? அதன்பின் மூடினால் ஏற்படும் இறக்கம் பெரும்பாலும் சிறிதே. மூடிய கணக்கின் வரலாறும் உடனே அழிந்துவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் அது பதிவேட்டில் நிற்கும்.

பாருங்கள் சகோதரர்களே! முதலில் கடனை அடை, பிறகு கதவை அடை என்று மார்க்கம் காட்டும் வரிசையும், பதிவேட்டுக்கு நலம் தரும் வரிசையும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன!

மதிப்பெண் எதற்காக?

நாணயம் என்ற தமிழ்ச் சொல்லுக்குக் காசு என்றும் பொருள், வாக்குத் தவறாமை என்றும் பொருள். நம் முன்னோர்கள் கடைவீதியில் சீட்டு எழுதாமலே சரக்கு எடுத்தது இரண்டாவது நாணயத்தை வைத்துத்தான். பெருமானார் (ஸல்) அவர்களை மக்கத்துக் குறைஷிகள் நபியாக ஏற்க மறுத்தபோதும், 'அல் அமீன்' என்று நம்பித் தம் பொருள்களை அவர்களிடமே ஒப்படைத்திருந்தார்கள். ஹிஜ்ரத்தின்போது அந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள் என்று வரலாறு கூறுகிறது. ஆகவே நம்மைப் பற்றிய பதிவேடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று விரும்புவது தவறன்று.

ஆயினும் நம்மை நாமே ஒன்று கேட்டுக் கொள்ள வேண்டும். இந்த மதிப்பெண்ணை ஏற்றுவது எதற்காக? இன்னொரு வட்டிக் கடனுக்குத் தகுதி பெறத்தானா? அப்படியானால், குழியிலிருந்து ஏறுவதே அடுத்த குழிக்கு வழி தேடத்தான் என்றாகிவிடும். மதிப்பெண்ணுக்காகவே புதிய கார்டு வாங்குங்கள், வைப்புத்தொகை போட்டு அதன்மேல் கார்டு வாங்குங்கள் என்று ஆலோசனை சொல்வோர் இருக்கிறார்கள். வட்டி தரும் வைப்புத்தொகை ஒரு பக்கம், வட்டி கேட்கும் கார்டு மறுபக்கம்! முஃமினுக்கு இது மருந்தாகாது.

ஸுபைர் (ரலி) அவர்களின் வஸிய்யத்து

கடனை அடைப்பது எப்படி என்பதற்கு ஸஹீஹுல் புகாரியில் ஒரு வரலாறு இருக்கிறது. ஜமல் போர் நாளில் ஸுபைர் (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, தமக்குள்ள பெருங்கவலை தம் கடன்தான் என்று கூறி, அதை அடைக்கும்படி வஸிய்யத்துச் செய்தார்கள். இயலாமற் போனால் என் எஜமானனிடம் உதவி கேள் என்றார்கள். எஜமானன் யாரென்று மகன் கேட்டபோது, அல்லாஹ் என்று பதிலளித்தார்கள். கணக்குப் பார்த்தபோது கடன் 22 இலட்சம்! அது ஆடம்பரத்தால் வந்த கடனன்று. அமானிதமாக வைக்க வந்தவர்களிடம், தொலைந்துபோனால் உங்களுக்கு நஷ்டமாகும், ஆகவே கடனாக இருக்கட்டும் என்று தம் பொறுப்பில் ஏற்றுக் கொண்டதால் வந்தது. மகனார் நிலத்தை விற்று அடைத்தார்கள். வாரிசுகள் பாகம் கேட்டபோதும், நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், கடன் வரவேண்டியவர் யாரேனும் இருந்தால் வாருங்கள் என்று அறிவித்த பின்னரே பிரித்துக் கொடுத்தார்கள்.

மூன்று தீனார் கடனோடு வந்த ஒரு ஜனாஸாவுக்குத் தாமே தொழுவிக்காமல் பெருமானார் (ஸல்) அவர்கள் விலகி நின்றதையும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக் கொண்ட பின்னரே தொழுவித்ததையும் நாம் அறிவோம். இன்று நம்மில் எத்தனை பேருடைய மனைவிக்குக் கணவரின் கார்டுகள் எத்தனை, பாக்கி எவ்வளவு என்று தெரியும்? நாளைக்கே மௌத்து வந்தால், கபனுக்குமுன் கடன் கணக்கை யார் சொல்வது? கடனை எழுதி வைக்கச் சொல்லும் இறைக்கட்டளையை, இன்றிரவே வீட்டு நோட்டில் ஒரு பக்கம் எழுதி நிறைவேற்றலாம் அல்லவா?

செய்ய வேண்டியது

முதலாவது, கார்டுகளைத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். இதுவே தௌபாவின் முதற்படி.

இரண்டாவது, வட்டி ஏறும் பாக்கியை முதலில் தீருங்கள். வட்டி ஹராம், ஆகவே கட்டமாட்டேன் என்று அசலையும் சேர்த்து மறுப்பது தவறு. அசல் நீங்கள் பெற்ற பொருள். ஏறிய வட்டியைத் தள்ளுபடி செய்யும்படி வங்கியிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் அசலிலும் குறைத்துக் கொடுத்து முடிக்கும் 'செட்டில்மெண்ட்' ஏற்பாடு பதிவேட்டில் முழுதும் கட்டியதாக எழுதப்படுவதில்லை. வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநீதி என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வக்கற்றவருக்கே அந்த வழி.

மூன்றாவது, பாக்கி தீரும்வரை மற்ற இரண்டு கார்டுகளையும் உபயோகமின்றிப் பூட்டி வையுங்கள். கை நிற்காது என்று உங்களைப் பற்றி நீங்கள் அறிந்திருந்தால், மதிப்பெண்ணைப் பாராமல் உடனே மூடிவிடுங்கள். மதிப்பெண் மாதங்களில் திரும்பும். பாவத்தில் போன பரக்கத்து அவ்வளவு எளிதில் திரும்பாது.

நான்காவது, கத்தரியால் வெட்டுவது மூடுவதாகாது. வெட்டிய கார்டுக்கும் ஆண்டுக் கட்டணம் ஏறும். அந்தச் சிறு தொகையே கட்டாத கடனாகப் பதியும். கடைசித் தொகையைக் கட்டிய பின், அடுத்த பில்லும் வரும்வரை பொறுத்து, மிச்ச வட்டி ஏதும் இல்லையென்று பாருங்கள். கார்டிலிருந்து தானாகப் போகும் கட்டணங்களை மாற்றிவிட்டு, எழுத்து மூலம் மூடக் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் ஆணையிட்டது. பாக்கியில்லை என்ற கடிதத்தை வாங்கி வையுங்கள். பின்னர் பதிவேட்டில் 'மூடப்பட்டது' என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். 2017 முதல் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறும் உரிமை நமக்கு உண்டு.

ஒன்றையாவது வைத்துக் கொள்ளலாமா என்று நம் சகோதரர் கேட்பார். அனுமதித்த உலமாக்களின் நிபந்தனை, வட்டி விழாது என்ற உறுதி. அந்த உறுதி உடைந்ததால்தானே இன்று அவர் மதிப்பெண்ணைத் திரும்பக் கட்டிக் கொண்டிருக்கிறார்! ஒரு பொந்தில் ஒருமுறை கொட்டுப்பட்டவர் அதே பொந்தில் மறுபடி கைவைக்க வேண்டாம். ஆகவே, பாக்கி தீர்ந்ததும் மூன்றையும் மூடிவிடுவதே பேணுதலுக்குரியது என்பது நமது கருத்து. மனைவி சொன்னது முடிவுக்குச் சரி. மகன் சொன்னது வரிசைக்குச் சரி. இருவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக!

ஜமாஅத்தாருக்கு ஒரு சொல்

கதவை மூடச் சொல்லும் நாம், வேறொரு கதவையும் திறந்து வைக்க வேண்டும். நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது திருமறை. ஜகாத்துக்குரிய எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவரையும் சேர்த்திருக்கிறது. மகளின் கலியாணத்துக்குக் கார்டைத் தேய்த்த அந்த மனிதர், முதலில் எத்தனை சொந்தக்காரர் வாசலில் கைமாற்றுக் கேட்டுத் திரும்பியிருப்பார்? மஹல்லாவின் பைத்துல்மாலில் அழகிய கடனுக்கென்று ஒரு தொகை இருந்தால், நம் வாலிபர்கள் வட்டியின் வாசலுக்குப் போக மாட்டார்கள். அழகிய கடன் வாங்கியவர்களும் அதைக் குறித்த நாளில் திருப்பித் தரவேண்டும். அடுத்தவரின் தேவை அந்தப் பணத்துக்காகக் காத்திருக்கிறது.

வல்ல நாயன், நம்மில் கடன்பட்டோரின் கடன்களை ஹலாலான வழியில் அடைத்துத் தருவானாக! வட்டியின் வாசலை விட்டு நம் சந்ததிகளையும் காப்பானாக! கடனற்றவர்களாக அவனைச் சந்திக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்!