சொல்லால் அளக்கப்படும் செவி

“சத்தம் கேக்குது, சொல்லுறதுதான் விளங்கேல்லை” என்று முதியவர் ஒருவர் கூறும்போது வீட்டிலுள்ளோர் அதனை முரண்பட்ட பேச்சாகவே கொள்வர். வேண்டும்போது கேட்கிறார், வேண்டாதபோது கேளாதவர்போல் இருக்கிறார் என்ற பழியும் இதன் வழியே பிறப்பதுண்டு. ஆயின் முதியவரின் கூற்றில் முரண்பாடு எதுவுமில்லை. அது செவிப்புலனியல் அளந்து காட்டக்கூடிய உண்மையே. அதனை எவ்வாறு அளக்கின்றனர், அளந்தபின் எழுதப்படும் எண் எவருடைய குறையைச் சுட்டுகின்றது என்னும் வினாக்கள் வைத்தியருக்கு மட்டும் உரியனவல்ல. மொழியையும் அறத்தையும் பற்றிச் சிந்திப்போருக்கும் அவற்றிற் பங்குண்டு.

செவிப்புலனை அளக்கப் பரவலாகக் கையாளப்படுவது தூய சுரப் பரிசோதனை. 250 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களிலே தனித்தனிச் சுரங்களை ஒலிக்கச்செய்து, ஒவ்வொன்றிலும் ஒருவர் கேட்கக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டத்தை டெசிபெல்லிற் குறிப்பர். மூப்பினால் வரும் இழப்பு பெரும்பாலும் உயர் மீடிறன்களிலேயே தொடங்குகின்றது. உயிரொலிகளின் வலு தாழ் மீடிறன்களில் மிகுந்திருக்க, உரசொலிகளும் வெடிப்பொலிகளைப் பிரித்தறிய உதவும் நுண்ணிய குறிப்புகளும் உயர் மீடிறன்களையே பெரிதும் சார்ந்துள்ளன. எனவே பேச்சின் ஓசை காதில் விழும். பல்லா கல்லா என்பது விளங்காது. உரத்துக் கத்துவதாலும் பயன் சிறிதே. கத்தும்போது உயிரொலி ஓங்குமளவுக்கு மெய்யொலி தெளிவதில்லை. மேலும், ஒரே சுரவரைபடத்தைப் பெற்ற இருவர் பேச்சை விளங்கிக்கொள்வதிற் பெரிதும் வேறுபடலாம். இதனாலேயே சுரத்தோடு சொல்லும் பரிசோதனைக் கருவியாயிற்று.

சொற்பரிசோதனை இரு வினாக்களை எழுப்புகின்றது. எத்துணைத் தாழ்ந்த மட்டத்திற் பாதிச் சொற்களையேனும் ஒருவர் சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்பது ஒன்று. வசதியாகக் கேட்கும் மட்டத்தில் 25 அல்லது 50 சொற்களை அளித்தால் எத்தனையைச் சரியாகச் சொல்கிறார் என்பது மற்றையது. இரண்டாவதற்கான விடை வீதமாக எழுதப்படும். மட்டத்தை மேலும் உயர்த்தும்போது இவ்வீதம் உயராது வீழுமாயின் செவிநரம்பிலே கோளாறு இருக்கலாம் என வைத்தியர் ஐயுறுவர். சுரம் மட்டும் காட்டித்தராத செய்தி இது.

இம்முறை வைத்தியசாலையிற் பிறந்ததன்று என்பது பலரும் கவனியாத செய்தி. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் ஹார்வி பிளெச்சரும் அவருடைய சகாக்களும் தொலைபேசித் தொடர்களின் தரத்தை அறியும் பொருட்டுப் பொருளற்ற அசைகளைப் பேசச்செய்து, மறுமுனையிலிருந்தோர் அவற்றைச் சரியாகக் குறித்த வீதத்தைக் கணித்தனர். பிளெச்சரும் ஸ்ரைன்பேர்க்கும் 1929 இல் இம்முறையை விரித்து எழுதினர். அங்கே கேட்போர் நற்செவி உடையோர். பிழை நேர்ந்தால் அது கருவியின் பிழை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் உளஒலியியல் ஆய்வுகூடம் இரைச்சலிடையே இராணுவச் செய்தித்தொடர்புக் கருவிகளைச் சோதிக்கச் சொற்பட்டியல்களை ஆக்கிற்று. 50 ஓரசைச் சொற்கள் கொண்ட அப்பட்டியல்களை ஜேம்ஸ் ஈகன் 1948 இல் வெளியிட்டார். யுத்தத்திற் செவி பழுதுற்றோருக்குச் சிகிச்சையளிக்கும் தேவை எழுந்தபோது அதே பட்டியல்கள் சிகிச்சை நிலையங்களுட் புகுந்தன. பேசுவோன், சொல், கேட்போன் என்னும் அமைப்பிலே மாற்றமில்லை. ஆனால் முன்னர் பிழை கம்பியின்மேல் எழுதப்பட்டது; இப்பொழுது மனிதன்மேல் எழுதப்படுகின்றது. அம்மாற்றம் நிகழ்ந்தபோது அளவைமுறை தன்னை எவ்வளவு திருத்திக்கொண்டது என்பதே என் ஐயம்.

ஒரு திருத்தம் நிகழ்ந்தது உண்மை. ஈகனின் பட்டியல்களிற் பழக்கமற்ற சொற்கள் பல இருந்தமையால், சென். லூயிஸ் நகரின் செவிடர் மத்திய நிறுவனத்திலே ஐரா ஹேர்ஷும் பிறரும் 1952 இல் அறிமுகமான சொற்களைக் கொண்டு 50 சொற்பட்டியல்கள் நான்கைப் புதிதாக அமைத்தனர். இதன் உட்கிடை யாது? அறியாத சொல்லை நற்செவியும் தவறவிடும். எனவே சொல்லைக் கொண்டு செவியை அளக்குமிடத்து அறிவும் உடன் அளக்கப்படுகின்றது. இங்கு ஓர் இக்கட்டு தோன்றுகின்றது. செவியை மட்டும் அளக்கவேண்டின் பொருளற்ற அசைகளே நீதியானவை. கல்வி மிக்கோனும் அற்றோனும் அவற்றின்முன் ஏறக்குறையச் சமமாவர். ஆனால் பொருளற்ற அசைகளைக் கேட்டு எவரும் வாழ்வதில்லை. வாழ்வை அளக்கவேண்டின் வாக்கியங்கள் வேண்டும். அங்கோ பாதி கேட்டோன் மீதியை ஊகித்து முழுமதிப்பெண் பெறுவான். நீதியை நாடினால் உண்மை குறைகின்றது; உண்மையை நாடினால் நீதி குறைகின்றது. ஆதர் பூத்ரோயிட் 1968 இல் இங்கிலாந்திலே ஆக்கிய பட்டியல்கள் ஓரளவு இணக்கம் காண முயன்றன. பத்துச் சொற்கள், முப்பது ஒலியன்கள். சொல் தவறினும் சரியாகக் கேட்ட ஒலிக்கு மதிப்பெண் உண்டு. நான் அறிந்தவற்றுள் மனிதநேயம் மிக்க கணக்கு இதுவே.

ஆங்கிலத்துக்கு ஆக்கப்பட்டதைத் தமிழிலே பெயர்த்துக்கொள்ள இயலாது என்பது வெளிப்படை. ஆனால் தமிழ்ச் சொற்களை அடுக்கினாலும் சிக்கல் தீர்வதில்லை. ஏட்டில் ஓரசையாய் நிற்கும் கல், பல், முள் என்பன பேச்சிற் கல்லு, பல்லு, முள்ளு என ஈரசையாகின்றன. பரிசோதகர் எதனை வாசிப்பது? ‘வழி’ என்று வாசிக்க, செவிமடுப்பவர் ‘வளி’ என்கிறார். ழகரத்தையும் ளகரத்தையும் பேச்சில் வேறுபடுத்தாதோர் நம்மிடையே பலர். அவருக்கு இட்ட பிழை செவிக்கு உரியதா, நாவுக்கு உரியதா? ஒரு பிரதேசத்தாரின் வழக்கில் அமைந்த பட்டியலால் இன்னொரு பிரதேசத்துச் சிறுவனை அளந்து, அவன் மந்தமாகக் கேட்கிறான் என எழுதிவிட்டால், வகுப்பறையில் அவனைப் பின்தொடரப்போவது அவ்வெழுத்தே.

எண்ணுக்குள்ள மதிப்பையும் சிறிது நோக்கவேண்டும். 25 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல்லின் பெறுமதி 4 வீதம். ஒருவருடைய உண்மைத் திறன் 80 வீதமாயின், தற்செயலால் மட்டும் வரும் நியம விலகல் 8 வீதம். ஆகவே முன்னர் 80 பெற்றவர் இம்முறை 72 பெற்றால் அவர் செவி கெட்டுவிட்டது எனல் தகாது. நட்டஈடு கோருவோர் விடயத்தில் இது மேலும் கூர்மையடைகின்றது. சுரப் பரிசோதனையின் சராசரியும் சொற்பரிசோதனையின் வரம்பும் பொதுவாக ஏறத்தாழ 10 டெசிபெல்லுக்குள் ஒத்துவரும். ஒத்துவராதபோது, இழப்பை மிகைப்படுத்துகிறார் என்ற ஐயம் எழும். ஐயம் பலவேளைகளில் நியாயமானதே. எனினும் அறிவுறுத்தலைப் பிழையாக விளங்கிக்கொண்டவரும், அச்சத்தால் உறுதியாகக் கேட்டதை மட்டுமே சொன்னவரும் அதே முரணைத் தோற்றுவிப்பர். பொய்யன் எனத் தீர்க்குமுன் இன்னொரு முறை விளக்கிச் சொல்வதற்குச் சில நிமிடங்களே தேவை.

பிற்காலத்தில் இரைச்சலினூடே பேச்சைக் கேட்கச்செய்யும் பரிசோதனைகள் பெருகியுள்ளன. நெதர்லாந்தில் 2004 இல் விபரிக்கப்பட்ட தொலைபேசிப் பரிசோதனை மும்மூன்று இலக்கங்களையே பயன்படுத்திற்று. இலக்கங்களை அனைவரும் அறிவர். கல்வியின் தாக்கம் குறையும். இங்கே பெறப்படுவது பேச்சுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான விகிதம். அவ்விகிதத்தைச் செவியை மாற்றாமலே மாற்றலாம்: பேசுபவர் அருகே வரலாம், மின்விசிறியை நிறுத்தலாம், வெற்றுச் சுவருக்குத் திரையிடலாம். செவிட்டுக் கிழவர் என்று கைவிடப்படுபவரின் குறையிற் கணிசமான பங்கு அவர் அமர்ந்திருக்கும் அறைக்கும் அவரோடு பேசுவோருக்கும் உரியது.

பரிசோதனைத் தாளில் 64 வீதம் என எழுதும்போது எப்பட்டியல், எத்தனை சொற்கள், எம்மட்டம், ஒலிப்பதிவா நேர்க்குரலா, நேர்க்குரலாயின் வாசித்தவர் எப்பிரதேசத்தார் என்பனவும் உடன் எழுதப்படல் வேண்டும். அவையின்றி அந்த 64 ஐ, மறுவருடம் வேறொரு வைத்தியசாலையில் வேறொருவர் வாசிக்கப் பெற்ற 76 உடன் ஒப்பிட எவராலும் இயலாது.