யாருடைய அடிச்சுவடு?

மனிதன் உண்பதற்கும் உடுப்பதற்கும் எரிப்பதற்கும் பூமியில் எவ்வளவு நிலம் செலவாகிறது என்று அளக்கும் முறையொன்றை, 1990களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் மத்திஸ் வக்கர்நாகலும் வகுத்தனர். 'சூழலியல் அடிச்சுவடு' என்பது அதன் பெயர். பதுளைக்கு அண்மையில் தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் நான், இதைப் பாடமாக நடத்துமுன் என் சுவட்டை அறிய ஒரு வாரம் கணக்கெழுதினேன்.

நாளுக்கொரு சோற்றுப் பொதி. அதைச் சுற்றிய பொலித்தீன். பஸ் தவறிய மூன்று நாளும் முச்சக்கர வண்டி. பாதி எழுதிக் கசக்கிய தாள்கள். இவற்றினும் என்னைச் சுட்டது வேறொன்று. கொப்பிகள் யாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை இடவேண்டும் என்பது என் கட்டளை. என் கண்ணுக்கு அழகாயிருக்கக் கொழுந்து பறிக்கும் தாய் காசு கொடுத்தாள். அந்தக் குப்பையை யார் பெயரில் எழுதுவது?

கணக்கை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி எழுந்தாள்.

"எங்க லயத்துக் கணக்கு குறைச்சலாத்தானே வரும், சேர்? அப்ப நாங்கதான் நல்லவங்களா?"

உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

சுவடு சிறுத்திருப்பதே அறமாகுமா? விரும்பித் துறந்தவனின் எளிமை வேறு. கிடைக்கப்பெறாதவனின் இல்லாமை வேறு. விறகுப் புகையில் இருமும் குடும்பத்தை இயற்கையின் காவலர் என்று புகழ்வது, பட்டினி கிடப்பவனை நோன்பாளி என்று போற்றுவதை ஒக்கும்.

மற்றொன்றும் உண்டு. இம்முறையில், ஏற்றுமதியாகும் தேயிலையின் சுவடு அதைப் பருகும் நாட்டின் கணக்கிலேயே ஏறும். அது நேர்மையான கணக்குத்தான். ஆனால் தேயிலை கப்பலேறிப் போகும், மலை போவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது மண்ணுள் புதைந்தவை தொழிலாளரின் லயன்கள். நுகர்வு ஓரிடம், இழப்பு ஓரிடம். இந்த அநீதி நிலத்தை அளக்கும் கோலில் அகப்படுவதில்லை.

ஓர் ஆசிரியன் பொலித்தீனைக் கைவிட்டால் சரிந்த மலை நிமிருமா என்று கேட்பர். நிமிராது. எனினும், தன் செலவை எண்ணிப் பாராதவன் பிறர் செலவைப் பற்றிக் கேள்வி கேட்பது எங்ஙனம்? உறைக் கட்டளையை நீக்கினேன். சோற்றுக்குப் பாத்திரம் எடுத்துச் செல்கிறேன்.

மறுநாள் அம்மாணவிக்கு இவ்வாறு கூறினேன்: "உங்கள் சுவடு சிறியதாயிருப்பது உங்கள் புண்ணியமன்று, உங்களுக்குரியது இன்னும் வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். என் சுவடு சுருங்கவேண்டும். உங்களுடையது, நல்லதொரு வீட்டின் அளவுக்கேனும் விரியவேண்டும்."

இவ்விரண்டையும் ஒருங்கே கோராத எந்தக் கணக்கும் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தக்கதன்று.