தகராறும் ஊக்கமும்

அலுவலகக் குழுவில் தகராறு வந்தால் ஆட்களின் குணத்தைக் குறைசொல்வோம். உற்சாகம் வற்றினால் ஊக்க உரைக்கு ஏற்பாடு செய்வோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதை மறந்துவிடுகிறோம். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை இதற்குத் தெளிவான சான்று. ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலைக்கு வராத நாட்கள், திடீர் வேலைநிறுத்தங்கள், ஆயிரக்கணக்கில் தேங்கிய புகார்கள். 1982இல் ஆலையை மூடினார்கள். 1984இல் டொயோட்டாவின் கூட்டோடு ‘நம்மி’ என்ற பெயரில் அது மீண்டும் இயங்கத் தொடங்கியது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்கள். தொழிற்சங்கமும் அதே சங்கம். ஆனால் வேலைக்கு வராதோர் விகிதம் 3, 4 சதவீதத்துக்கு இறங்கியது. கார்களின் தரமும் உயர்ந்தது.

ஆட்கள் அதே ஆட்கள் என்றால் குணத்தைக் காரணம் காட்ட முடியாது. மாறியது வேலையின் ஒழுங்கு. முன்பு என்ன நேர்ந்தாலும் அசெம்பிளி லைன் நிற்கக் கூடாது. பழுதைப் பார்த்தவரும் பேசாமல் அனுப்பிவிட வேண்டியதுதான். புதிய முறையில் யார் வேண்டுமானாலும் மேலே ஓடும் கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே வருவார். குறை தீராவிட்டால் லைன் நின்றுவிடும். மறுப்புச் சொல்வது கலகமாக இருந்த இடத்தில் அதுவே கடமையானது. தன் சொல்லுக்கு வேலை அசைந்துகொடுக்கிறது என்று கண்டவருக்கு வெளியிலிருந்து ஊக்கமூட்டத் தேவையில்லை.

கருத்து மோதலை வளரவிட்டால் குழு உடையாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டி ட்ரூ, வைன்கார்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல ஆய்வுகளைத் திரட்டி 2003இல் வெளியிட்ட முடிவு, வேலை குறித்த மோதலும் செயல்திறனைக் குறைக்கவே செய்கிறது என்றது. ஆனால் 2012இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, அத்தகைய மோதல் தனிமனிதப் பகையோடு பின்னிக்கிடக்காத குழுக்களில் அந்தப் பாதிப்பு குறைவு என்று காட்டியது. ஆகவே மோதலை அடக்குவதைவிட, அது பகையாகத் திரியாமல் காப்பதே நிர்வாகத்தின் வேலை. வேலைக்குள் தீர்வு கிடைக்காத மனத்தாங்கல்தான் பெரும்பாலும் ஆள்மீது பாய்கிறது. சம்பளமும் பணிப் பாதுகாப்பும் இருந்தால் போதாதா என்பது இன்னொரு வாதம். பாதுகாப்பு தேவைதான். 1988இல் விற்பனை சரிந்தபோதும் நம்மி ஆட்குறைப்பு செய்யாமல் தொழிலாளர்களைப் பயிற்சிக்கு அனுப்பியது. வேலை போய்விடுமோ என்ற அச்சம் இருந்தால் எவரும் கயிற்றைத் தொடமாட்டார். ஆனால் பாதுகாப்பு தருவது பேசும் துணிவை மட்டுமே. பேசியதற்குப் பலன் இருந்தால்தான் மறுநாளும் பேசத் தோன்றும். ஒத்துழைப்பை விரும்பும் மேலாளர், கடைசியாக யாருடைய மறுப்பால் தம் முடிவை மாற்றிக்கொண்டார் என்று எண்ணிப்பார்ப்பது நல்லது. ஒரு பெயரும் நினைவுக்கு வராவிட்டால், அவர் குழுவில் நிலவும் அமைதியை ஒற்றுமை என்று நம்ப வேண்டாம்.