அடுப்படி மேடைக்குத் தீட்டு உண்டா?

சமையல் மேடைக்குக் கல்லைத் தேர்வதா மரத்தைத் தேர்வதா என்னும் பேச்சு பெரும்பாலும் விலையையும் உழைப்பையும் பற்றியதாகவே முடிந்துவிடுகிறது. ஆயினும் உணவு வைக்கும் பரப்பு எதனால் தூய்மை பெறுகிறது, எதனால் அதை இழக்கிறது என்னும் பழைய சமய விசாரணை அதற்குள் பொதிந்திருப்பதால், அதைத் தத்துவக் கேள்வியாகவும் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. தூத்துக்குடிக்கு வடமேற்கே கரிசல் நிலத்தில் அமைந்த ஓட்டப்பிடாரம் இவ்விசாரணைக்குப் பொருத்தமான ஊர். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்துக்கு உரை கண்ட வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872-இல் பிறந்தது அங்கேதான். முத்துக்குளித்துறைக் கரையில் கத்தோலிக்கப் பரதவர் ஊர்களும், தெற்கே காயல்பட்டினத்து முஸ்லிம் தெருக்களும், வடமேற்கே கழுகுமலைச் சமணச் சிற்பங்களும் இருப்பதால், பல சமயங்களின் தூய்மைக் கருத்துகளை ஒரே வட்டாரத்துக்குள் வைத்துப் பார்க்க முடிகிறது.

நின்றுகொண்டு சமைக்கும் மேடை இப்பகுதி வீடுகளுக்குப் பழையது அன்று. சாணமிட்டு மெழுகிய தரை, மண்ணடுப்பு, ஒரு மூலையில் பாத்திரம் கழுவும் அங்கணம், சுவரோரம் அம்மி, உட்கார்ந்து காய் அரிய அருவாமனை என்றிருந்த அடுப்படி, எரிவாயு அடுப்பு வந்த பின்னரே பரவலாக இடுப்பளவுக்கு உயர்ந்தது. முதலில் கடப்பாக்கல்லும் காவி பூசிய சிமெண்டும், பிறகு கிரானைட்டும் மேடையை மூடின. இம்மாற்றத்தில் உயரத்தைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மெழுகிய தரையை அழுக்குப் படாமல் காத்துவைக்க யாரும் முயன்றதில்லை. அதன் தூய்மை அன்றன்று புதிதாகச் செய்யப்பட்டது. கிரானைட் மேடையோ ஒருமுறை பதித்துவிட்டால் ஒரு துணியால் துடைத்தே ஆயுள் முழுதும் தூய்மையாக இருக்கும் என்னும் நம்பிக்கையின் பேரில் விற்கப்படுகிறது.

தர்ம சாத்திரங்களில் 'திரவிய சுத்தி' என்று ஒரு பகுதி உண்டு. பொருள்களைத் தூய்மைப்படுத்தும் முறை என்பது அதன் பொருள். மனுஸ்மிருதியின் 5-ஆம் அத்தியாயம், உலோகத்தையும் மணிகளையும் கல்லையும் சாம்பலாலும் நீராலும் மண்ணாலும் துலக்கினால் போதும் என்றும், மண்பாண்டத்தை மீண்டும் சுட வேண்டும் என்றும், மரப்பொருளுக்குத் 'தட்சணம்' செய்ய வேண்டும், அதாவது மேற்பரப்பைச் சீவி எடுக்க வேண்டும் என்றும், நிலத்தைப் பெருக்குதல், மெழுகுதல், நீர் தெளித்தல், சுரண்டுதல், பசுவைத் தங்க வைத்தல் ஆகிய ஐந்து வழிகளால் தூய்மையாக்கலாம் என்றும் விதிக்கிறது. இவ்விதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு தெரிகிறது: ஒரு பொருள் தனக்குள் எவ்வளவு வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவுக்கு அது தன்னை இழக்கவும் வேண்டும். கல் எதையும் உள்ளே விடுவதில்லை என்று கருதப்பட்டதால் அதற்குக் கழுவுதலே போதுமானதாயிற்று. மரம் வாங்கிக்கொள்வதால் தன் உடலில் ஓர் அடுக்கைக் கொடுத்துத் தூய்மையை மீட்கிறது. மண்பாண்டம் தீக்குள் மறுபடியும் புகுந்து எழ வேண்டியிருக்கிறது.

பிற சமயங்களிலும் இதே கணக்கைக் காணலாம். விவிலியத்தின் லேவியர் நூல், தீட்டுள்ளவர் தொட்ட மண்பாண்டத்தை உடைத்துவிடவும் மரப்பாத்திரத்தை நீரில் அலசவும் சொல்கிறது. கடற்கரைக் கோயில்களில் வாசிக்கக் கேட்கும் கானாவூர்த் திருமண நிகழ்ச்சியில், யூதர்களின் தூய்மைச் சடங்குக்கென வைக்கப்பட்டிருந்தவை ஆறு கற்சாடிகள் என்று யோவான் நற்செய்தி குறிப்பிட்டுச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கல் தீட்டை ஏற்காது என்பது அக்கால யூத நெறியின் துணிபு. காயல்பட்டினத்தார் பின்பற்றும் ஷாஃபி சட்டப் பள்ளி, எவ்வளவு வழவழப்பான பரப்பாக இருந்தாலும் அதில் பட்ட நஜீஸை, அதாவது மார்க்கம் அசுத்தம் என்று வரையறுத்ததை, நீர் ஊற்றியே நீக்க வேண்டும் என்று கொள்ள, ஹனஃபி பள்ளி கண்ணாடி, வாள் போன்ற மெருகிட்ட பொருள்களைத் துடைத்தாலே போதும் என்கிறது. துடைத்தால் போதுமா, கழுவியாக வேண்டுமா என்று அடுப்படியில் மாமியாரும் மருமகளும் கொள்ளும் கருத்து வேறுபாட்டுக்கு இவ்வளவு பழைய வமிசாவளி இருக்கிறது. சமையல் மேடையைப் பற்றியே நேராகச் சட்டம் பேசுபவர்கள் யூதர்கள்: பாஸ்கா விழாவுக்கு முன் கருங்கல் மேடையில் கொதிநீரை ஊற்றித் தூய்மையாக்கலாம் என்றும், பீங்கான் ஓடு பதித்த மேடையை அவ்வாறு ஆக்க முடியாது என்றும் கொள்ளும் அவர்களுடைய அறிஞர்கள், கற்பொடியோடு பிசினைக் கலந்து ஆலையில் வார்க்கும் குவார்ட்ஸ் பலகையைக் கல்லாகக் கொள்வதா என்பதில் இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை.

இந்தப் பொருளறிவு எந்த அளவுக்குச் சரி என்பதையும் பார்க்க வேண்டும். கடப்பாக்கல் ஒரு சுண்ணாம்புக் கல். புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ அதன் மேல் சற்று நேரம் தங்கினால் அமிலம் மெருகைத் தின்று, வெளுத்த வட்டம் ஒன்று நிலைத்துவிடும். கிரானைட்டில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் மிகுதியாக இருப்பதால் புளி அதை அரிப்பதில்லை. ஆனால் அதுவும் முழுக்க மூடிய பொருள் அன்று. கட்டடக் கிரானைட்டுக்கான அமெரிக்கத் தர அளவை, எடையில் 0.4 விழுக்காடு வரை நீர் உறிஞ்சலாம் என்று இடம் தருகிறது. அந்தச் சிறு அளவே, வெளிர் நிறக் கல்லில் சிந்திய மஞ்சளும் நல்லெண்ணெயும் நாள்கணக்கில் நிழலாடப் போதுமானது. மறுபுறத்தில், எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் மரத்தைத்தான் கறிக்கடைக்காரர்கள் தலைமுறைகளாக நம்பியிருக்கிறார்கள். புளிய மரத்தின் அடித்துண்டை நிறுத்திவைத்து, இழைகளின் முனை மேல்நோக்கி இருக்கும்படி அமைக்கும் வெட்டுக்கட்டையில், கத்தி இழைகளுக்கு இடையே இறங்கி எழுவதால் மரமும் சிதறுவதில்லை, கத்தியும் எளிதில் மழுங்குவதில்லை. நாள் முடிவில் கட்டையைச் சுரண்டி உப்பைத் தேய்த்து வைப்பார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் உடன் ஆய்வாளர்களும் 1990-களில் செய்த சோதனைகளில், மரப்பலகையில் இட்ட பாக்டீரியா உள்ளே இழுக்கப்பட்டு, பெருகாமல் மடிந்துபோவதும், கத்திக்கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகையைக் கையால் கழுவித் தூய்மையாக்குவது கடினமாவதும் தெரியவந்தன. ஆகவே உள்வாங்குதல் என்பதே மாசு என்றும், உள்வாங்காமையே தூய்மை என்றும் கொள்வது சாத்திரத்தின் கருத்தாக இருக்கலாமேயன்றிப் பொருள்களின் இயல்பு ஆகாது.

கல்லைத் தேரும் முறையில் கோயிலும் கடையும் ஒன்றுபடும் ஓர் இடம் உண்டு. சிற்ப நூல்கள் கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு ஆண், பெண், அலி என மூவகையாகப் பிரித்து, ஆண் கல்லைத் தெய்வ உருவத்துக்கும், பெண் கல்லைப் பெண் தெய்வங்களுக்கும் பீடத்துக்கும், மூன்றாவதை அடித்தளத்துக்கும் ஒதுக்குகின்றன. பலகை விற்கும் கிடங்கிலும் விவரம் தெரிந்த கொத்தனார் பலகையை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போவார். மணியொலி திடீரென மங்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், அல்லது பிசின் பூசி மறைத்த ஒட்டு இருக்கும். ஆனால் கல்லை வெட்டலாமா என்னும் கேள்வியும் உண்டு. கழுகுமலையில் 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில், ஒரே பாறையில் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடையப்பட்டு, முடிக்கப்படாமலே நின்றுபோனது. அதே குன்றில் சமணர் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கினர். அச்சமணரின் கோட்பாட்டில், மண்ணோடு ஒன்றியிருக்கும் பாறையும் மரத்தைப் போலவே ஓரறிவு உயிர். ஆதலின் மரம் வெட்டுவது பாவம், கல் பதிப்பது பாவமன்று என்னும் ஆறுதல் அவர்களிடம் கிடைக்காது. மதுரை மேலூர்ப் பக்கம் மேடைக்கல்லுக்காகக் குன்றுகள் சிதைந்த அளவைக் கண்டவர்கள், சமணக் கோட்பாட்டை ஏற்காவிட்டாலும் அதன் பக்கம் சற்றுச் சாய்வார்கள்.

பதிக்கும் வேலையில் கரிசல் மண்ணே முதல் எதிரி. மழையில் உப்பியும் கோடையில் சுருங்கி வெடித்தும் அசையும் அம்மண்ணில் அடித்தளம் ஆழமாக இல்லையெனில், மேடையைத் தாங்கும் செங்கல் சுவர் ஒருபக்கம் இறங்கி, முக்கால் அங்குலக் கல் தன் வலுக்குறைந்த இடத்தில், அதாவது தொட்டிக்காக வெட்டிய துளைக்கு முன்னுள்ள நான்கு விரல் அகலத் துண்டில், விண்டுவிடும். அதனால் அறிந்தவர்கள் கிரானைட்டுக்கு அடியில் ஒரு கடப்பாக்கல்லை முழு நீளத்துக்கும் தாங்கு பலகையாக இடுகிறார்கள். மரமாயின் சிக்கல் வேறு: ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அது இழைக்குக் குறுக்கே அகலும், சித்திரையில் ஒடுங்கும்; திருகாணித் துளைகளை நீள்வட்டமாக வெட்டி, பலகை அசைய இடம் விட்டுப் பொருத்தாவிட்டால் அது வளையும் அல்லது பிளக்கும். தொட்டியோரத்திலும் அடுப்போரத்திலும் கல்லையும், அரிவதற்கும் மாவு பிசைவதற்கும் கழற்றி எடுக்கத்தக்க தேக்கு அல்லது வேம்புப் பலகையையும் வைப்பது இந்த ஊருக்கு ஏற்றது. வடுப்பட்ட பலகையை இழைப்புளி கொண்டு ஆசாரி ஒரு நூல் கனம் சீவித் தரும்போது, சாத்திரம் சொன்ன தட்சணம் அப்படியே நிறைவேறுகிறது.

உள்வாங்குதல் குறையா என்னும் கேள்விக்குச் சைவ சித்தாந்தம் தரும் விடை வேறு வகையானது. மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்டது, அதற்கு வ.உ.சி. எழுதிய உரை 1935-இல் வெளிவந்தது. இம்மரபில் உயிரின் இயல்பு 'சார்ந்ததன் வண்ணமாதல்' எனப்படும்: அருகில் வைத்த நிறத்தைப் பளிங்கு காட்டுவது போல, உயிர் தன்னைப் பிணிக்கும் மலத்தைச் சார்ந்தால் மலமாகவும் சிவத்தைச் சார்ந்தால் சிவமாகவும் நிற்கிறது. ஏற்கும் தன்மை இல்லையெனில் உயிருக்குக் கட்டு இல்லை. ஆனால் அப்போது வீடுபேறும் இல்லை. எதையும் ஏற்காத பொருள் சித்தாந்தக் கணக்கில் உயர்ந்தது ஆகாது, அது வெறும் சடம். துடைத்தால் அழுக்குப் போய்விடும் பரப்பை மனத்தூய்மைக்கு உவமையாக்குவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பொருள்களின் தூய்மை மனிதரின் தூய்மையாக மாற்றப்பட்ட இடத்தில்தான் இவ்விசாரணை கூர்மை அடைகிறது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த, பார்வையற்ற துறவி இராமையா தேசிகரைத் தம் வீட்டில் வைத்து உணவளித்ததையும், அதைச் சுற்றத்தார் பழித்ததையும், மனைவி வள்ளியம்மை உறுதியாகத் துணைநின்றதையும் வ.உ.சி. தம் சுயசரிதையில் பதிந்திருக்கிறார். பழித்தவர்களின் அடுப்படிகளைக் கட்டியவர்கள் யார் என்று கேட்டிருந்தால் அவர்களிடம் விடை இருந்திருக்காது. கல் சுமந்தவர்களும் சாந்து குழைத்தவர்களும் எல்லாச் சாதியாரும்தான், அவர்கள் வெளியேறிய பின் புண்ணியாகவாசன நீரைத் தெளித்துப் பாலைக் காய்ச்சியதும் அதே இடம் அவர்களுக்கு எட்டாத இடம் ஆகிவிட்டது. கைவினைஞரின் கை எப்போதும் தூயது என்று மனுஸ்மிருதியின் அதே அத்தியாயம் விதிவிலக்கு அளித்திருப்பது, அந்தக் கை இல்லாமல் தூய்மையான வீடு ஒன்றைக் கட்ட முடியாது என்பதனால்தான் போலும். தென் மாவட்டத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறையோ இவ்விலக்கைக்கூடத் தாண்டியது: கண்ணாடியும் எவர்சில்வரும் கழுவினால் தூய்மையாகும் என்பதைத் திரவிய சுத்தி விதிகளே ஒப்புக்கொள்ளும்போது, கழுவிய குவளையைத் தனியே ஒதுக்கி வைப்பதற்கு அந்த விதிகளில் ஆதாரம் தேட முடியாது.

தீட்டு என்பது கண்ணுக்குத் தெரியும் அழுக்கு அன்று, நுண்ணியது, ஆகையால் நீருக்கும் இழைப்புளிக்கும் அகப்படாது என்று இதற்கு மறுப்புச் சொல்லப்படுவதுண்டு. அப்படியானால் கல்லைக் கழுவு, மண்ணைச் சுடு, மரத்தைச் சீவு என்று பொருளுக்குப் பொருள் விதியைப் பிரிக்க வேண்டிய தேவை சாத்திரத்துக்கு எப்படி வந்தது என்பதை மறுப்பவர் விளக்கியாக வேண்டும்.