கணக்கில் ஏறாத இரவு

காலை ஐந்தரை மணி. வாசல் தெளித்து உள்ளே வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, கூடத்தில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி அள்ளுவது. சுவரோரம் கிடக்கும் எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு நசுங்கியிருக்கிறது. அதைக் கழுவி, மற்ற டம்ளர்களுக்குப் பின்னால் செருகி வைக்கிறாள். டம்ளர் பட்ட இடத்தில் காரை பெயர்ந்திருப்பது தெரியாமலிருக்க, பத்து வயது மகள் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். ஏழரைக்கு அவர் எழுந்திருக்கிறார். "நேத்து எத்தனை மணிக்கு வந்தேன்?" "பத்தரை இருக்கும்." "சாப்பிட்டேனா?" "சாப்பிட்டீங்க." பேச்சு அதோடு முடிகிறது.

தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் இந்த வீடு இருக்கிறது. தான் செய்தது தனக்கு நினைவே இல்லை என்றால், அந்தச் செயலுக்கு ஒருவர் பொறுப்பாவாரா? நம் பழமொழி இதை ஒரே மூச்சில் தீர்த்துவிட்டது: குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. யாருக்குப் போயிற்று என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

அவர் நடிக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சில நேரம் நடிப்பாகவும் இருக்கும். ஆனால் உண்மையிலேயே நினைவில்லாத நிலை ஒன்று உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். மட்டையாவது வேறு, இது வேறு. மட்டையானவர் நடுரோட்டில் விழுந்து கிடப்பார். அவரால் யாரையும் அடிக்க முடியாது. இவரோ விழித்திருக்கிறார், நடக்கிறார், பழைய பாக்கிக்குச் சண்டை போடுகிறார், வண்டி ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்கிறார். நடப்பதை நிலையான நினைவாகப் பதிக்கும் வேலை மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியினுடையது. ரத்தத்தில் மது வேகமாக ஏறும்போது அந்த வேலை தடைப்படுகிறது. ஏற்கெனவே இருந்த நினைவுகள் அப்படியே இருக்கும். புதிதாக எதுவும் பதியாது. மளிகைக் கடையில் சரக்கு போய்க்கொண்டே இருக்க, பற்று நோட்டில் யாரும் எழுதாமல் விட்டது போன்றது இது. சிலருக்கு அந்த இரவு துண்டு துண்டாகத் திரும்பும். யாராவது எடுத்துக் கொடுத்தால் ஒரு காட்சி மேலே வரும். முழுதாக விடுபட்டவருக்கு எவ்வளவு சொன்னாலும் வராது. எழுதாத பக்கத்தில் படிக்க என்ன இருக்கிறது?

அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்டு குட்வின் 1970-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் கண்ணெதிரே காட்டியது. சிலரை நிறையக் குடிக்க வைத்து, மறக்க முடியாதபடி சில காட்சிகளை அவர்களுக்குக் காட்டினார்கள். மூடிய வாணலி ஒன்றை நீட்டி, பசிக்கிறதா என்று கேட்டுவிட்டு, உள்ளே இருப்பது செத்த எலிகள் என்று சொன்னார்கள். இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டபோது பெரும்பாலோர் அதைச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது பாதிப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. இதில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டு நிமிடம்தான். கேள்வி புரிகிறது, பதில் வருகிறது, அருவருப்பும் இருக்கிறது. அந்தக் கணத்தில் ஒரு முழு மனிதர்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

மொடாக்குடியர்களுக்குத்தான் இப்படி ஆகும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 மில்லி ரத்தத்தில் 160 மில்லிகிராம் அளவுக்கு மது ஏறும்போது இந்த மறதி வரும் வாய்ப்பு கூடிவிடுகிறது. வண்டி ஓட்ட நம் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 30 மில்லிகிராம். டாஸ்மாக்கில் விற்கும் 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் மது. எடையில் ஏறத்தாழ 60 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் வெறும் வயிற்றில் அதை ஒரே மூச்சில் இறக்கினால் அந்த 160-க்குப் பக்கத்தில் போய்விடுவார். மேலே ஒரு கட்டிங் போட்டால் தாண்டிவிடுவார். பாரில் நின்றபடியே மடமடவென்று குடித்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிற பழக்கம் இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் இன்னும் குறைந்த மதுவே போதும். தூக்க மாத்திரை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களிடம் எடுத்து 2002-இல் வெளியான கணக்கெடுப்பில், குடித்துப் பார்த்தவர்களில் 51 சதவீதம் பேர் ஒருமுறையாவது இப்படி மறந்ததாகச் சொன்னார்கள்.

நினைவு இல்லை என்பது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து பொறுப்பும் இல்லை என்ற முடிவு வருமா? 1956-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. அப்போதைய பெப்சு (பாட்டியாலா, கிழக்கு பஞ்சாப் ஒன்றிய) மாநிலத்தில், ஒரு திருமண விருந்தில், நிறையக் குடித்திருந்த ஓய்வுபெற்ற ஜமேதார் ஒருவர் தனக்கு வாகான இடம் பார்த்து உட்கார விரும்பினார். அங்கே இருந்த 15, 16 வயதுப் பையனைச் சற்று நகரச் சொன்னார். பையன் நகரவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார். தப்பி ஓடப் பார்த்தவரைப் பிடித்தபோது மன்னிப்புக் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி சந்திரசேகர அய்யர் தீர்ப்பை எழுதினார். சுட்டவர் தானாக நடந்தார், கோர்வையாகப் பேசினார், தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுத்தார் என்பவற்றைக் கருதி, கொலைக் குற்றம் உறுதி செய்யப்பட்டது. மறதியைப் பற்றிய வழக்கு இல்லை இது. ஆனாலும் போதையில் இருப்பவரின் காலும் நாவும் என்ன செய்துகொண்டிருந்தன என்று பார்க்கும் அந்தப் பார்வை, மறதிக்கும் பொருந்துகிறது. காலையில் இல்லாத நினைவைக் கொண்டு இரவில் இருந்த மனத்தை அளக்க முடியாது. தன் விருப்பத்தோடு குடித்தவருக்கு, குடிக்காமல் இருந்திருந்தால் எந்த அறிவு இருந்திருக்குமோ அந்த அறிவு இருந்ததாகவே சட்டம் கொள்கிறது. 1860-இன் தண்டனைச் சட்டத்தில் 86-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 24-ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

சட்டம் சொன்னதாலேயே அறம் ஆகிவிடாது. இங்கிலாந்துத் தத்துவவாதி ஜான் லாக் 1694-இல் வெளியான தன் நூலின் இரண்டாம் பதிப்பில் இதைத்தான் தடுத்துக் கேட்டார். ஒரு மனிதர் அதே மனிதராக இருப்பது நினைவின் தொடர்ச்சியால்தான் என்றால், நினைவில்லாத இரவின் ஆளும் காலையில் எழுந்தவரும் வேறு வேறு ஆட்கள் ஆகிவிடுவார்கள் அல்லவா? மனித நீதிமன்றம் உண்மையையும் நடிப்பையும் பிரித்தறிய முடியாததால் தண்டிக்கிறது; இறுதித் தீர்ப்பு நாளில், தான் அறியாத ஒன்றுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிராது என்பது அவர் எண்ணம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. நினைவே இல்லாத ஒன்றுக்காக ஒருவரைக் குனிய வைப்பதில் ஏதோ உறுத்தத்தான் செய்கிறது.

லாக் சொன்னபடி இருவர் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த இரண்டாவது ஆளை வீட்டுக்கு அனுப்பியது யார்? மாலை ஏழு மணிக்கு, நல்ல நினைவோடு, முதல் குவளையை எடுத்தவர்தான். முதல் தடவை அவருக்கு இது தெரிந்திருக்காது. அதை விபத்து என்று சொல்லலாம். ஒரு காலை, எப்படி வீடு வந்தோம் என்று தெரியாமல் எழுந்து உட்கார்ந்த பிறகு அந்தச் சலுகை தீர்ந்துவிட்டது. இத்தனையாவது பெக்குக்கு மேல், தான் ஒருபோதும் நேரில் பார்க்கப் போகாத ஓர் ஆள் தன் செருப்பை மாட்டிக்கொண்டு தன் மனைவி பிள்ளைகளிடம் போகிறான் என்பது அவருக்குத் தெரியும். அப்படித் தெரிந்தே அவர் மறுபடி குடிக்கிறார். பழைய கிரேக்கத்தில் குடித்துவிட்டுச் செய்த குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை இருந்ததாக அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். இரட்டிப்பு கடுமைதான், ஆனால் பழி எங்கே தொடங்குகிறது என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள்.

குடிநோயாளியின் நிலை வேறு. கை நடுங்க, குடித்தால்தான் நிற்கும் என்ற கட்டத்துக்கு வந்துவிட்டவரிடம் ஏழு மணிக்கு இருந்த சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை. அவருடைய கடமை வேறு நேரத்தில் இருக்கிறது: காலையில், நடுக்கம் கூடுவதற்குள், சிகிச்சைக்குப் போக ஒப்புக்கொள்ளும் அந்தச் சின்ன இடைவெளியில். அவரை அங்கே அழைத்துப் போகும் கடமையில் சுற்றியிருப்பவர்களுக்கும், மதுவை விற்று வருவாய் பார்க்கும் அரசுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நினைவில்லாதவர் மீது எதை வேண்டுமானாலும் சுமத்தலாம். நான்கு பேர் குடித்த இடத்தில் ஒருவர் குத்துப்பட்டுக் கிடந்தால், மீதி இருவர் சேர்ந்து மூன்றாமவரைக் கைகாட்டிவிட முடியும். மறுக்க அவரிடம் ஒன்றும் இருக்காது. 'செய்திருப்பேன் போல' என்று அவரே சொன்னாலும் அது வாக்குமூலம் ஆகாது, வெறும் ஊகம். மறதி ஒருவரை விடுவிக்காது என்றால், அதே மறதி அவரைக் குற்றவாளி ஆக்கவும் கூடாது. பெண்ணின் விஷயத்தில் இந்தச் சமூகம் நடந்துகொள்வதைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. ஆண் மறந்தால் 'போதையில பண்ணிட்டான், பாவம், விடு' என்கிறார்கள். அவள் மறந்தால், 'ஞாபகம் இல்லைன்னா சம்மதிச்சிருப்பா' என்கிறார்கள். ஒரே மறதி அவனுக்குக் கேடயம், அவளுக்கு விலங்கு. போதையில் தான் சம்மதிப்பதன் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ள முடியாதவரின் சம்மதம் சம்மதமே ஆகாது என்று சட்டத்தில் எழுதியே இருக்கிறது.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம். தான் குடிக்காத வேளையில் குடித்திருக்கும் ஒருவனைப் பார்க்கிறவன், தன் சோர்வையும் நினைத்துப் பார்க்க மாட்டானோ என்று கேட்டு வள்ளுவர் அதை முடிக்கிறார். தன்னைத் தானே பார்க்க முடியாத ஒரு நிலையைப் பார்ப்பதற்கு வேறொரு கண் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று அந்தக் கண்ணாகச் செல்போனை நீட்டுகிறார்கள். குடித்துத் தள்ளாடுகிறவரை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பிச் சிரிப்பதும் ஒரு வன்முறைதான். அதில் அவர் தன்னைப் பார்ப்பதில்லை, ஊர்தான் பார்க்கிறது.

வேண்டிய கண் வீட்டிலேயே இருக்கிறது. அவருடைய நோட்டில் ஏறாத இரவு, மனைவியிடமும் மகளிடமும் வரிக்கு வரி எழுதப்பட்டிருக்கிறது. கடன் கொடுத்தவரின் நோட்டில் இருப்பதை வாங்கியவர் மறந்துவிட்டதால் கடன் தீர்ந்துவிடுமா? அப்படியானால் நினைவில்லாதவரின் முதல் கடமை கேட்டுத் தெரிந்துகொள்வது. 'தப்பு ஏதாவது பண்ணியிருந்தா மன்னிச்சிடு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது போதாது. எதற்கு என்று தெரியாமல் கேட்கும் மன்னிப்பு எதிரில் இருப்பவரின் வாயை அடைக்கத்தான் உதவும். என்ன நடந்தது என்று கேட்க வேண்டும், முழுவதும் கேட்க வேண்டும். 'நான் அப்படிச் செய்யவே மாட்டேன்' என்று முதலில் நாக்குக்கு வரும் வாக்கியத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். அந்த வாக்கியம், இரவெல்லாம் விழித்திருந்தவளைப் பொய்க்காரி ஆக்குகிறது. 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளில், தன்னால் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலை எழுதுவது எட்டாவது படி, ஈடு செய்வது ஒன்பதாவது. நினைவு விட்டுப்போனவரால் அந்தப் பட்டியலைத் தனியாக எழுதி முடிக்க முடியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும்.

சொல்லும் பாரத்தை அவள் மேல் ஏற்றுவது நியாயமா? உடைந்ததைப் பெருக்கியது அவள், ஊருக்குத் தெரியாமல் மறைத்தது அவள், இப்போது விளக்கமும் அவளே சொல்ல வேண்டுமா? அவள் பெருக்கி மறைத்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அது பெரும்பாலும் பயம். காலையிலும் ஒரு சண்டை வேண்டாம் என்ற களைப்பு. ஆனால் அந்தச் சுத்தம் அவருக்கு ஓர் உதவி செய்துவிடுகிறது: எதுவுமே நடக்காத வீட்டில் அவர் கண் விழிக்கிறார். சொல்லலாமா, எப்போது சொல்லலாம், யாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொல்லலாம் என்பதெல்லாம் அவள் முடிவு. அடி விழும் என்றால் சொல்லாமலிருக்கவும் வீட்டைவிட்டுப் போகவும் அவளுக்கு உரிமை உண்டு. கேட்கும் கடமை மட்டும் அவருடையது. பயமில்லாமல் சொல்லலாம் என்ற நிலையை உண்டாக்கித் தருவதும் அதில் சேர்ந்ததுதான்.

அந்த வீட்டிலும் ஒரு காலை இந்தக் கேள்வி வருகிறது. நாற்காலி இடம் மாறியிருப்பதை அவர் கவனித்துவிட்டார். நகர்த்திப் பார்க்கிறார், காரை பெயர்ந்த இடம் உள்ளங்கை அகலம் இருக்கிறது. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டு, "இது எப்படி ஆச்சும்மா? அப்பா என்ன பண்ணேன்?" என்கிறார். குரலில் கோபம் இல்லை. அவள் பையின் பட்டையைப் பிடித்தபடி நிற்கிறாள். பதில் அவளுக்குத் தெரியும். வாயைத் திறப்பதற்கு முன்னால், அடுப்படியில் நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள்.